இரண்டு பெட்டிகளும் ஒரு விசிலும்

என்னோடு மல்லுக்கு நிற்பதற்கென்றே எனக்கு மூன்று வருடம் முன்னால் பிறந்த அண்ணனுக்கு,

உன் ரேடியோப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. போன மாதம் மதினி கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி, கம்ப்யூட்டர், திரை, வயர் எல்லாவற்றையும் பழைய சேலைகளில் சுற்றி, ராஜபாளையத்திலிருந்து ஒரு ஆட்டோவில் ஏற்றி, மடியில் திரையை வைத்துக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வரை வந்திருக்கிறார். "உன் அண்ணன் இதைப் பிள்ளை மாதிரி வச்சிருந்தாவ. வீட்டுல கிடந்தா எனக்குப் பாக்க முடியல" என்றார். வாங்கி வைத்துவிட்டேன். பத்து நாள் சேலையைப் பிரிக்கவே இல்லை.

இந்தக் கடிதத்தை நம் வானொலி நேயர் வட்டத்துச் சுற்றிதழில் போடச் சொல்லி அனுப்பப் போகிறேன். உனக்கு எழுதுவதை ஊரார் படிக்க வேண்டுமா என்று நீ கேட்பாய். வேண்டும். ஏன் என்று முடிப்பதற்குள் சொல்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கிச் சொல்வேன். "எனக்கே பாடம் நடத்துதியாட்டி" என்று முறைக்காதே.

எண்பதுகளில் நீ மில்லில் சேர்ந்த புதிதில்தான் நமக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. நூல் நூற்கிற ரிங் பிரேம் பகுதியில் நீ பிட்டர். முதல் போனஸில் எல்லாரும் வேட்டி சேலை வாங்கினார்கள், நீ நாலு பேண்ட் டிரான்சிஸ்டர் வாங்கினாய். மொட்டை மாடியிலிருந்து பக்கத்து ராஜு வீட்டுத் தென்னை வரை செம்புக் கம்பி இழுத்தாய். சிற்றலையில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பேசுகிறவன் நம் வீட்டுக்குள் வந்தான். எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் என்ன கேட்டது, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி அனுப்பினால், "ஆமாம், அது நாங்கள்தான்" என்று அந்த நிலையத்தார் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். அந்த அட்டைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் கேட்டுவிட்டு, மீதி இருபது நிமிடத்தை அவர்கள் அச்சடித்து அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நான் நிரப்பிவிட்டேன். நீ அதைப் படித்துப் பார்த்து நாலாகக் கிழித்தாய். "கேக்காததை எழுதினா அது கடுதாசி இல்லட்டி, களவு" என்றாய். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே வெளிநாட்டுத் தபால் உறை ஒன்றை வாங்கிவந்து என் முன்னால் வைத்தாய். சண்டை எப்போதும் என்னால் ஆரம்பிக்கும், உன்னால் முடிவுக்கு வரும். நம் வீட்டு வழக்கம் அது.

பிறகு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். கரகரப்புக்கு நடுவே யார் எந்த ஊரைக் கேட்கிறார்கள் என்று பிடிக்க வேண்டும். "காதை வச்சுச் சம்பளம் வாங்குதா என் தங்கச்சி" என்று நீ மில் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். எனக்கும் அந்தத் தலைக்கனம் ஏறிவிட்டது. என் காதுக்குத் தப்பி ஒன்றும் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில், மம்சாபுரத்துச் சித்தப்பா மகன் சிங்கப்பூருக்குப் போனபின்தான் நமக்குப் பெரிய செட்டுகள் வந்தன. முதலில் எனக்கு. மேசையில் வைக்கிற செட், திருகுவதற்கு நல்ல கனமான குமிழ், எண்களை அழுத்தப் பொத்தான்கள். பின்னால் ஒரு துளையில் கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டர் சொன்னபடியும் கேட்கும். அடுத்த வருடம் உனக்கு வந்தது அந்தக் கறுப்புப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு. குமிழ் இல்லை, பொத்தான் இல்லை, அலைவரிசை காட்டுகிற கண்ணாடி இல்லை. கரண்ட் வருகிறது என்று சொல்ல ஒரு சின்ன விளக்கு. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். மில் ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது கழித்துப் போட்டதை நீ கேட்டு வாங்கி, ஒரு மாதம் உட்கார்ந்து பழகினாய்.

"இதுல எதைத் திருகணும்?" என்று கேட்டேன்.

"எதையும் திருகப்படாது. டைப் அடிக்கணும்."

"மொகமே இல்லாத மாப்பிள்ளையை எவ கட்டுவா?"

"மொகத்தைப் பாத்துக் கட்டினவ எல்லாம் நல்லாவா இருக்கா? போட்டி."

மதினி சிரித்துக்கொண்டே காபி கொண்டுவந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் நான் வாரம் முழுக்க வேலை பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சுற்றிதழ் ஆசிரியரான சாத்தூர்க்காரருக்கு நம் இரண்டு பெட்டிகளின் கதை எட்டியது. கம்ப்யூட்டர் வைத்து இயக்குகிற வானொலி ஒன்றாவது வாங்க வேண்டும் என்று பல நேயர்களுக்கு ஆசை, எதை வாங்குவது என்று தெரியவில்லை, இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள் என்று கேட்டார். என் செட்டை உன் வீட்டுக்கே தூக்கிவந்து, நாம் நாலு ஞாயிறு உட்கார்ந்தோம். ஒரே கம்பி, ஒரே நிலையம், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. கம்பியை ஒரு ஸ்விட்ச் வழியாக மாற்றி மாற்றி இரண்டு பெட்டிக்கும் கொடுத்தோம். ஒலியின் வலு, இடைஞ்சல், இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் தலா ஐந்து மதிப்பெண். இடைஞ்சலே இல்லை என்றால் அதற்கு முழு ஐந்து. ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, கடைசி ஞாயிறுதான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டவன் நீ.

முதல் ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது. திரை எரியும்போதெல்லாம் ஒரு மெல்லிய விசில் ரேடியோவுக்குள் புகுந்துகொண்டது. காதோரம் கொசு சுற்றுவதுபோல, நிற்காமல். என் செட்டில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் குமிழால் திருகினால் விசில் போய்விடும். உன் பெட்டி கம்ப்யூட்டர் இல்லாமல் ஓடாதே, அதனால் விசிலும் விடாது. இது பெரிய குறை. நான் இடைஞ்சலுக்கு இரண்டு போட்டேன். நீயும் அதற்கு மேல் போட மாட்டாய் என்று நினைத்தேன்.

நாலாவது ஞாயிறு தாள்களை மாற்றிக்கொண்டோம். உன் பெட்டிக்கு இடைஞ்சலில் நீ நாலு வாரமும் ஐந்து போட்டிருந்தாய்.

"அஞ்சா? இந்த விசில் கேக்கலையா உனக்கு?"

"என்ன விசில்?"

"உன் பெட்டி அடிக்கிற விசில்தான். இப்பவும் அடிக்கி, கேளு."

நீ தலையைச் சாய்த்துச் செத்த நேரம் இருந்தாய். திரையைப் பார்த்தாய். "ஒண்ணுமில்லையேட்டி. சுத்தமாத்தான் இருக்கு" என்றாய்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. எதிரே உட்கார்ந்துகொண்டு, என் காதில் விழுகிறதை இல்லை என்கிறாயே என்று. "கேக்காததை எழுதினா களவுன்னு சொன்னது யாருண்ணே?" என்று கத்தினேன். மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீ அவரை ஒரு பார்வை பார்த்தாய், அவர் உள்ளே போய்விட்டார். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் இஷ்டப்படி எழுதிக்கோ" என்றாய். அவ்வளவுதான்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதுதான் வினை. என் மதிப்பெண்களை மட்டும் போட்டு, என் செட்டை உயர்த்தி, கடைசியில் இப்படி முடித்தேன்: 'அண்ணனின் மதிப்பெண்களை நேயர்கள் கணக்கில் கொள்ள வேண்டாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.' வட்டத்தில் எல்லாரும் ரசித்தார்கள். யாரோ ஒருவர் தபால் அட்டையில் காக்கை வரைந்து உன் விலாசத்துக்கே அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பதினைந்து வருடமாக அந்த வட்டத்தில் உன் அறிக்கைகளைத்தான் புதியவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார்கள். கேட்டதை மட்டும் எழுதுகிறவர் என்று பெயர் எடுத்தவன் நீ. அந்தப் பெயரை ஒரே வரியில் நான் கெடுத்துவிட்டேன்.

நீ மாடியில் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துவிட்டாய் என்று சொன்னார்கள். ரோஷம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் நாம் பேசவில்லை. நீ வருவாய், நீதானே எப்போதும் வருவாய் என்று இருந்தேன். அப்புறம் ஒரு வியாழக்கிழமை எக்ஸ்சேஞ்சுக்கே போன் வந்தது. என் லைனில்தான் வந்தது. ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் போனபின் மதினி என்னை உட்கார வைத்துச் சொன்னார். "அவியளுக்குக் காது மங்கி ரெண்டு வருசமாச்சு. மதுரைக்குப் போய்க் காட்டினோம். மில்லுச் சத்தத்துல போனதுதானாம். கீச்சுச் சத்தம், விசில், குருவிச் சத்தம் எதுவும் விழாதாம். கனத்த சத்தம் மட்டும் விழுமாம். இனி திரும்பாதுன்னுட்டாரு டாக்டர்."

"எங்கிட்ட ஏன் மதினி சொல்லல?"

"என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாவ. 'அவளுக்குத் தெரிஞ்சா பாவம் பாப்பா. பாவம் பாத்தா எங்கூடச் சண்டை போட மாட்டா. பொறவு ஞாயித்துக்கிழமை எதுக்கு'ன்னாவ."

அண்ணே, இதைக் கேட்டபின் நான் எப்படித் தூங்குவேன் என்று நினைத்தாய்? உன்னைக் களவாணி என்று சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லையே. நான் பாவம் பார்ப்பதைவிட நான் திட்டுவது உனக்கு அவ்வளவு பெரிதாகவா இருந்தது?

ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. மில் போனிலிருந்து வாரம் இரண்டு தடவை என்னைக் கூப்பிடுகிறவன், கடைசி இரண்டு வருடம் கூப்பிடவே இல்லை. "பஸ் ஏறி வந்தா மொகத்தைப் பாத்த மாதிரி இருக்கும்" என்றாய். பாசம் என்று பூரித்துப் போனேன். பேசும்போது என் வாயையே பார்ப்பாய். சில சமயம் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வாய், கேலி செய்கிறாய் என்று நானும் சிரிப்பேன். நாள் முழுக்க ஊரார் குரலைப் பிரித்துப் பிரித்துக் கேட்டவளுக்கு, எதிரே இருந்த அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

அந்தப் பத்து நாள் கழித்துத்தான் சேலைகளைப் பிரித்தேன். பெட்டிக்கு அடியில் நம் தாள்கள் இருந்தன. உன் தாளை அன்றைக்குக் கோபத்தில் முழுதாகப் படிக்கவில்லை, உன் பெட்டிக்கான கட்டத்தை மட்டும்தான் பார்த்தேன். இப்போது பக்கத்துக் கட்டத்தையும் பார்த்தேன். என் செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கேட்டபோதும் அதே விசில் அடித்ததல்லவா? நான் என் செட்டுக்கே அங்கே இரண்டுதான் போட்டிருந்தேன். நீ அதற்கும் ஐந்து போட்டிருக்கிறாய். நாலு வாரமும்.

காக்கை, பொன் குஞ்சு என்று எழுதினேனே. எதிராளியின் பெட்டிக்கும் முழு மதிப்பெண் போடுகிற காக்கை எங்கே இருக்கிறது? அந்த ஒரு கட்டத்தைப் பார்த்திருந்தால் போதும். உன் காதைப் பற்றி அங்கேயே தெரிந்திருக்கும். விசில் விஷயத்தில் நான் சொன்னது சரி. உன்னைப் பற்றி நான் சொன்னதுதான் தப்பு.

அதற்கப்புறம் ஒரு காரியம் செய்தேன். இரண்டு காதிலும் பஞ்சை இறுக்கி அடைத்துக்கொண்டு, ஒப்பீட்டைத் திரும்ப ஆரம்பித்தேன். உன் காதுக்கு அது ஈடாகாது என்று தெரியும். இருந்தாலும் கொஞ்சமாவது புரியட்டும் என்று.

முதலில் என் செட். குமிழைத் திருகுகிறேன், எங்கே நிலையம் வருகிறது, எங்கே போகிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை. அதில் எல்லாவற்றுக்கும் காதுதான் வேண்டும். கம்ப்யூட்டரோடு இணைத்தாலும் எண்ணை மாற்றுவதோடு சரி, வேறு உதவி இல்லை. பிறகு உன் பெட்டி. அலைவரிசைப் பட்டை முழுவதையும் அது திரையில் ஒரு கோடாக வரைந்தது. நிலையம் இருக்கிற இடத்தில் கோடு மேடாக எழும்புகிறது. அம்புக்குறியை அந்த மேட்டில் கொண்டுபோய் வைத்தால் கனமான குரல் வந்து நிற்கிறது. வலு எவ்வளவு என்று எண்ணாகவே காட்டுகிறது. குரல் ஏறி இறங்குவதும் பட்டையாகத் தெரிகிறது. நீ எப்படி நிலையங்களைத் தவறவிடாமல் பிடித்தாய் என்று அப்போதுதான் புரிந்தது. உன் மதிப்பெண்களில் வலுவும் ஏற்ற இறக்கமும் என்னுடையதைவிடத் துல்லியமாக இருக்கின்றன, தெரியுமா?

ஆகவே நேயர்கள் கேட்ட கேள்விக்கு என் திருத்திய பதில் இது. காது நன்றாக இருக்கிறவர்கள் குமிழ் வைத்த செட்டை வாங்குங்கள், விசில் தொல்லை இருக்காது. காது மங்கத் தொடங்கியவர்கள், மில்லில் வேலை பார்க்கிறவர்கள், வயதானவர்கள் அந்த முகமில்லாத பெட்டியை வாங்குங்கள். உங்களை இந்தப் பொழுதுபோக்கிலிருந்து அது வெளியே தள்ளாது. இதை என் அண்ணன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார், வெளியே சொல்லத்தான் முடியவில்லை.

இதை அச்சில் போட்டால் நீ மறைத்தது ஊருக்குத் தெரிந்துபோகும். போடாவிட்டால் பொய் மதிப்பெண் போட்டவன் என்ற பேச்சு அப்படியே நிற்கும். இரண்டில் எது உனக்குச் சம்மதம் என்று யாரிடம் கேட்பேன்? ஒரு வாரம் தவித்துவிட்டு மதினியிடமே போய்க் கேட்டேன். அவர் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"ஏமாத்தினாவன்னு இருக்கதுக்கு, காது கேக்காதுன்னே இருந்துட்டுப் போகட்டும். எழுது. ஒண்ணு விடாம எழுது" என்றார்.

ஒன்று விடாமல் என்றார். அப்படியென்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும். அது மதினிக்கும் தெரியாது.

நீ போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிறு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாய். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வாசல் திறந்திருந்தது. செருப்புச் சத்தத்திலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், ஆனாலும் வீம்பு விடவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். "வந்தாச்சுல்ல, உள்ள வாண்ணே. சோறு வடிக்கப் போறேன், சாப்பிட்டுட்டுப் போ."

வடித்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தேன், நீ தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாய். கூப்பிட்ட பிறகும் எம்புட்டு வீம்பு இந்த மனுசனுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்து, நான் மட்டும் சாப்பிட்டேன்.

வாசலில் எவ்வளவு நேரம் நின்றாய்? என் முதுகைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாய். தங்கச்சி இன்னும் பேசவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை என்று நினைத்துத்தானே போனாய்?

நான் கூப்பிட்டேன் அண்ணே. சத்தியமாகக் கூப்பிட்டேன். நீ வந்தாலும் வருவாய் என்று உலையில் அரிசியும் உனக்குச் சேர்த்துத்தான் போட்டிருந்தேன்.

இனி யாரையும் முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட மாட்டேன். திரும்பி நின்று, முகத்தைப் பார்த்துக் கூப்பிடுவேன். வராமல் போனால் வீம்பு என்று சொல்ல மாட்டேன், தெருமுனை வரை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

அன்றைக்கு உன்னை உள்ளே வரச் சொன்ன
உன் தங்கச்சி,
காந்திமதி